சாமியானா சக்கரபாணியின் படத்திறப்பு

மலம், சிறுநீர், சளி, சீழ். இவைதான் என் பிழைப்பு. செங்கம் சாலையில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். காலையில் டப்பாவோடு வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதை நீட்டுவார்கள். வாங்குகிற நான் திருப்பியதில்லை. அதனால் எனக்கு அருவருப்பு அவ்வளவு லேசில் வராது. போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுவும் வந்தது. அன்று என் எதிரே சீழும் இல்லை, சளியும் இல்லை. பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, எங்கள் சக்கரபாணி அண்ணனுக்குப் படத்திறப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சக்கரபாணி என்று கேட்டால் திருவண்ணாமலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘சாமியானா’ என்று கேட்டால் கடை வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், மைக் செட், பிணம் வைக்கிற குளிர்பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றிலும் ஊர் உட்கார்ந்தது அவருடைய நாற்காலியில்தான். கனத்த உடம்பு. சிரித்தால் முதலில் வயிறு குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும்.

எங்கள் பறவை பார்க்கும் குழுவுக்கு அவர் வந்ததே நாற்காலி இறக்கத்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டும் நிகழ்ச்சி வைத்திருந்தோம். நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போகாமல் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். திரையில் வெண்மார்பு மீன்கொத்தி வந்ததும், “இது எங்க கடைக்குப் பின்னால கரண்டு கம்பியில குந்திக்கினு இருக்குமே. அதுக்கு இம்மாம் பெரிய பேரா?” என்றார் சத்தமாக. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட அவரே அதிகம் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பறவை பார்க்கக் கூடுகிற ஏரிக்கரைக்கு வந்துவிட்டார், பளிச்சென்று வெள்ளைச் சட்டையில். பறவை பார்க்க வருகிறவர்கள் வெள்ளை போடக்கூடாது, மிரண்டுவிடும் என்று சொன்னோம். அதற்கடுத்த வாரம் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கிழிந்துபோன பழைய சாமியானாத் துணியில் தைத்தது. “கடைசிவரைக்கும் பந்தல் என்னை விடாது” என்று தோளைத் தட்டிக் காட்டினார். அந்தச் சட்டையைத்தான் அவர் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போட்டுக்கொண்டு வந்தார்.

பறவைகளை அடையாளம் காண்பதில் அவர் படுமோசம். இதை நான் பிரியத்தோடுதான் சொல்கிறேன். செத்த பிறகு அவரைப் பெரிய மேதை ஆக்கிவிட்டார்கள், கேட்டுக் கேட்டு எரிச்சலாக இருக்கிறது. வல்லூறைப் பருந்து என்பார், பருந்தைக் கழுகு என்பார், திருத்தினால் “ஏதோ ஒண்ணு, கோழி இல்ல அவ்ளோதான்” என்று அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார். ஒருமுறை ஏரிக்கு நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு அசையாமல் நிற்கிறது என்று எங்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்துத் தொலைநோக்கியில் காட்டினார். நாங்களும் மூச்சுவிடாமல் பார்த்தோம். கடைசியில் காற்று அடித்து அது உப்பி எழுந்தபோதுதான் தெரிந்தது, முள்செடியில் மாட்டிய கறிக்கடைப் பை. வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவர் அதற்குப் பாலித்தீன் கொக்கு என்று பேர் வைத்து, அதன்பிறகு ஏரிக்கு வரும்போதெல்லாம் “நம்ம ஆளு சவுக்கியமா இருக்கானா?” என்று முதலில் அதைத்தான் விசாரிப்பார்.

அந்த ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கரையில் கோழிக்கழிவு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பௌர்ணமி முடிந்த மறுநாள் கிரிவலப் பாதையிலிருந்து அள்ளிய அன்னதானத் தட்டுகள், பாதி தின்ற புளிசாதத்தோடு, அங்கே வந்துதான் கொட்டப்படும். புண்ணியம் எல்லாம் மலையைச் சுற்றியவர்களுக்கு, புழு எல்லாம் ஏரிக்கு. நான் கரையில் நின்று திட்டிக்கொண்டே இருப்பேன். அண்ணன் திட்டமாட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குச்சியால் தட்டுகளைக் கரையேற்றி ஓரமாகக் குவிப்பார். “பந்தி முடிஞ்சா எலை எடுக்கறது எங்க வேலைதானேம்மா” என்பார். அவர் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், அந்த நாற்றத்திலும்.

என்னை மட்டும் விட்டுவைப்பாரா? என் கடைக்கு மாதா மாதம் சர்க்கரை பார்க்க வருவார். உட்கார்ந்திருக்கிற நோயாளிகள் காதுபடவே, “தென்றல், மோசமான ரிசல்ட் எதனா வந்தா எனக்கு முன்கூட்டியே ஒரு ஃபோன் போட்டுடும்மா. முகூர்த்த நேரத்துல நாற்காலி கம்மியாயிடுது” என்பார். கேட்டு முகம் வெளுத்தவர்களும் உண்டு, விழுந்து விழுந்து சிரித்தவர்களும் உண்டு. பயந்துகொண்டே வந்த ஒரு பெரியவர், இவர் பேச்சைக் கேட்டபிறகுதான் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டார்.

இத்தனை வாய் பேசுகிறவர் பறவைக்கு முன்னால் வாயைத் திறக்கமாட்டார். ஏரியில் சிரிப்பெல்லாம் கரைக்கு இந்தப் பக்கத்தோடு சரி. கூடு, குஞ்சு என்று ஏதாவது கண்ணில் பட்டால் கையைக் காட்டி எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“வாரம் பூரா ஊர்க் காதைக் கிழிக்கிற தொழிலும்மா என்னுது. நான் ஸ்பீக்கர் கட்டினா மரத்துல ஒரு காக்கா தங்காது. எத்தினி கூட்டைக் கலைச்சிருப்பேன்னு யாருக்குத் தெரியும். இங்கயாவது பேசாம இருக்கறேன்” என்றார். அப்போது சிரிக்கவில்லை.

பறவை பார்க்கிறவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கூடு இருக்கிற இடத்தை யாரிடமும் சொல்லக்கூடாது. ஒருவருக்குச் சொன்னால் அது ஊருக்கே சொன்ன மாதிரி. நாளைக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு படை வந்துவிடும். குஞ்சு நன்றாகத் தெரியவேண்டும் என்று மறைப்புக் கிளையை ஒடிப்பான், தாய் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கல்லெறிவான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம், சக்கரபாணி அண்ணன் என்னை ஒரு கைவிட்ட கல்குவாரிக்குக் கூட்டிப்போனார். எந்தப் பக்கம் என்று இப்போதும் சொல்லமாட்டேன், இனிச் சொல்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்றாலும். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் உட்காரவைத்தார். எதிரே வெட்டிப்போட்ட மலையின் செங்குத்தான முகம். அதில் பாதி உயரத்தில் ஒரு திட்டு. கல்லின் நிறத்திலேயே ஒரு கல் இருந்தது. பிறகு அந்தக் கல் கண்ணைத் திறந்தது. ஆரஞ்சு நிறக் கண்கள். தலையில் கொம்புபோல இரண்டு இறகுக் கற்றைகள். கொம்பன் ஆந்தை. அதன் வயிற்றுக்கடியில் பஞ்சு உருண்டைகளாக இரண்டு குஞ்சுகள்.

இருட்டும்வரை ஒரு பேச்சில்லை. திரும்பி வண்டிக்கு வந்தபிறகுதான், “மொறைக்கறதைப் பார்த்தியா? நாற்காலி ஒண்ணு கொறைஞ்சா கஸ்தூரி என்னை இப்படித்தான் மொறைப்பா” என்றார். கஸ்தூரி அவர் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, “வருஷா வருஷம் இங்கதான் குஞ்சு பொரிக்குது. உனக்கு மட்டும்தான்மா காட்டினேன். வாய் தவறிக்கூட வேற யார்கிட்டயும் சொல்லாதே” என்றார்.

நான் சொல்லவில்லை. தனியாக அந்தப் பக்கம் போகவும் இல்லை. அவர் கூப்பிட்டால் மட்டும் போவேன். அத்தனை பேரில் என்னை நம்பியிருக்கிறார் என்ற பெருமை எனக்கு இருந்தது. ஏன் மறைக்கவேண்டும், நிறையவே இருந்தது.

தை மாதம், பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அவருடைய குளிர்பெட்டி வேறொரு சாவுக்கு வாடகையில் போயிருந்தது. போட்டிக்கடையிலிருந்துதான் அவருக்குப் பெட்டி வந்தது. இதைக் கேட்டால் அவர் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்தேன், அழுகை தாங்கவில்லை.

எங்கள் குழுவில் புகழேந்தி என்று ஒருவர். மனை வியாபாரம். எங்களில் பெரிய கேமரா அவருடையதுதான். அவர் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துவந்து தெருமுனையில் கட்டினார். அண்ணனின் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த முகம், அதற்குக் கீழே கழுகின் உடம்பு, இரண்டு பக்கமும் விரித்த சிறகு. ‘பறவையாகிப் பறந்தாயோ’ என்று மேலே எழுத்து. மூலையில் சின்னதாகப் புகழேந்தியின் படமும் கைப்பேசி எண்ணும். மனிதர் செத்துக் கிடக்கிறார், இவர் விளம்பரம் போடுகிறார். 

பிறகு இரங்கல் கூட்டம். வேங்கிக்காலில் இளஞ்செழியன் வீட்டு மொட்டைமாடியில் கூடினோம். இளஞ்செழியன் ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், குழுவுக்குத் தலைவர் மாதிரி. ஒவ்வொருவராக எழுந்து அண்ணனைப் பற்றிப் பேசினோம். பாலித்தீன் கொக்குக் கதையை யாரோ சொல்ல, அழுதுகொண்டே சிரித்தோம். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

பிரசாத் எழுந்தான். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற பையன், அண்ணன் மேல் உயிர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாருக்குமே சொல்லாத ஒரு எடத்தை அண்ணன் எனக்குக் காட்டினாரு. என்னை மட்டும்தான் கூட்டிக்கினு போனாரு. அந்த ஆந்தையை என்னால மறக்க முடியாது” என்றான்.

இளஞ்செழியன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

“ஆந்தையா? கல்குவாரியா?”

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான் காட்டினேன்னு சொன்னாரே.”

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், “எனக்கும் அதேதான் சொன்னாரு” என்றார். அதற்குப் பக்கத்தில் இருந்தவர் கையைத் தூக்கினார். புகழேந்தியையும் கூட்டிப்போயிருக்கிறார், கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வரச்சொல்லி. மொட்டைமாடியில் முதலில் ஒரு திகைப்பு, பிறகு ஒரே சிரிப்பு. மனுஷன் செத்தும் நம்மை ஏமாத்திட்டாரே என்று தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் சுருக்கென்றது. அண்ணன் மேலேயே கோபம் வந்தது. யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், எல்லோருக்கும் ஒரே நாற்காலியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றியது. கொஞ்சம் ஆறியபிறகு வேறொன்று புரிந்தது. இத்தனை பேருக்குத் தெரிந்தும் இத்தனை நாள் ஒரு ஆள் வெளியே மூச்சுவிடவில்லை. தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்ததால்தான் அது காப்பாற்றப்பட்டது. சொன்னால் நம்பிக்கைத் துரோகம், கசிந்தால் பழி தன் ஒருவர் மேல்தான் விழும். புகழேந்திகூடக் கேமராவோடு திரும்பிப் போகவில்லை. இப்போது எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி அது யாருடைய பொறுப்பும் இல்லை.

நான் பயந்தது அடுத்த நிமிடமே நடந்தது. “எல்லாருக்கும் தெரிஞ்ச எடம்தானே. அப்ப படத்திறப்பை அங்கேயே வெச்சுடலாம். அண்ணன் மனசுக்குப் பிடிச்ச எடம்” என்றார் புகழேந்தி. எல்லோரும் ஆகா என்றார்கள். பிரசாத்கூட.

“இப்பதான் குஞ்சு இருக்கிற நேரம். வேணாம்” என்றேன்.

“ஒரு மணி நேரம்தான் தென்றல் மேடம். தள்ளி நின்னுக்கலாம்.”

“தள்ளி நின்னாலும் கூட்டம் கூட்டம்தான். அவரே நம்பள ஒருத்தர் ஒருத்தராத்தானே கூட்டிப்போனாரு?”

“நம்பளையா?” என்றார் புகழேந்தி. “உங்களையுமா கூட்டிப்போனாரு?”

ஆமாம் என்று சொன்னால் நானும் அந்த வரிசையில் போய் நிற்கவேண்டும். அதற்குள் இளஞ்செழியன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “தென்றலுக்குக் காட்டலை போல. அதான் வருத்தம். விடும்மா, அன்னைக்கு நீயும் பார்த்துடலாம்” என்றார். 

கடைசி நம்பிக்கையாகக் கஸ்தூரி அண்ணியிடம் போனேன். கடையில் அண்டா குண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, திரும்பி வந்த நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக் செட்டைக் கொடுக்காதீர்கள், அங்கே போகவேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். ஆந்தை விஷயத்தையும் சொன்னேன்.

அண்ணி துணியைக் கீழே வைத்தார். “ஆந்தையா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இதைப் பார்க்கத்தான் போனாரா?”

“உங்களுக்குச் சொல்லலையா அண்ணி?”

“எப்படிச் சொல்லுவாரு. ஆந்தை கத்தினா சாவு விழும்னு நான் வெளக்குமாத்தைத் தூக்கிக்கினு ஓடறவ. கொக்கு பார்க்கப் போறேம்பாரு, போய் வாங்கம்பேன். அவ்ளோதான்.” கீழே வைத்த துணியை மறுபடி எடுத்து மடித்தார். “ஊருக்கெல்லாம் காட்டியிருக்காரு. நான் மட்டும் பார்க்கல.”

“நான் கூட்டிப்போறேன் அண்ணி. நாம ரெண்டு பேர் மட்டும். கூட்டம் வேணாம்.”

“இல்ல தென்றல். சாவுக்கு வந்தவங்க பூரா நாற்காலி பத்தல, பெட்டி லேட்டுன்னுதான் பேசினாங்க. அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு நாலு பேர் சொல்லி நான் கேக்கல. படிச்சவங்க கூடிப் படம் தொறக்கறோம்ங்கறாங்க. எனக்கு அதைக் கேக்கணும்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மைக்கு வேணாம்னு நான் சொல்லிடறேன். சத்தம் இல்லாம பண்ணட்டும்” என்றார்.

அவரிடம் நான் எப்படி மறுத்துப் பேசுவேன். சொன்னபடி அண்ணி புகழேந்தியிடம் சொல்லியும் இருக்கிறார். அவரும் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குவாரிக்குப் போனபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வாசலில் கார்கள். எங்கள் குழு பத்துப் பதினைந்து பேர்தான். அங்கே அதைப்போலப் பல மடங்கு ஜனம். புகழேந்தியின் வாடிக்கையாளர்கள், அவர்கள் பிள்ளைகள், ஆசிரமப் பக்கத்து விடுதிகளிலிருந்து கேமராவோடு வந்தவர்கள், தலைமை தாங்க ஒரு பிரமுகர், அவரோடு வந்த கரைவேட்டிகள். பிரமுகர் மைக் இல்லாமல் பேசமாட்டாராம். ஆகவே மைக் வந்துவிட்டது. அண்ணனுடைய செட்டேதான். கடைப் பையனிடம் கேட்டு ஏற்றிவந்திருக்கிறார்கள். “அண்ணனுக்கு அண்ணனோட மைக்” என்று புகழேந்தி பெருமையாகச் சொன்னார். ஸ்பீக்கர் பெட்டி, பாறைமுகத்தைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் போய் அதைத் திருப்பி வைத்தேன். யாரோ மறுபடி திருப்பிவிட்டார்கள், எதிரொலி நன்றாக வருகிறதாம்.

அண்ணியை முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, கையில் பூங்கொத்தைத் திணித்திருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். மேலே திட்டைப் பார்த்தேன். தாய் இருந்தது. உடம்பை ஒட்டக் குறுக்கி, கண்ணை ஒரு கீற்றளவு திறந்து, கல்லாகவே இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

படத்தைத் திறந்தார்கள். அதே கழுகுச் சிறகுப் படம். பிரமுகர் பேசினார். சக்கரபாணி என்ற பெயர் அவருக்கு நினைவில்லை, ‘ஐயா அவர்கள்’ என்றே சமாளித்தார். இளஞ்செழியன் அண்ணனை உலகத் தரமான பறவையியல் அறிஞர் என்றார். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்து, “இவரா?” என்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு புகழேந்தி மைக்கைப் பிடித்தார். “அண்ணனோட ஆந்தையை எல்லாரும் பார்க்கணும். ஆனா அது ஒளிஞ்சிக்கினு இருக்கு. இப்ப கூப்பிடலாம்” என்று, கைப்பேசியில் பதிவுசெய்து வைத்திருந்த கொம்பன் ஆந்தையின் குரலை மைக்கில் பிடித்தார்.

நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குவாரி முழுக்க அந்த ஹூ ஹூ அலறல் பெரிதாகி, பாறையில் முட்டித் திரும்பி வந்தது. தன் வீட்டுக்குள் இன்னொரு ஆந்தை புகுந்துவிட்டது என்றுதான் அதற்குத் தோன்றியிருக்கும், அதுவும் யானை அளவு பெரிய ஆந்தை. தாய் திட்டிலிருந்து பாய்ந்து கீழே வந்தது. கூட்டத்துக்கு எதிரே தரையில் விழுந்து, ஒரு சிறகை ஒடிந்ததுபோலத் தொங்கவிட்டு, உடம்பை இழுத்து இழுத்துப் புரண்டது. எழுந்தது, மறுபடி விழுந்தது.

கூட்டம் ஆவென்றது. கேமராக்கள் பொரிந்து தள்ளின. பிரமுகர் மைக்கை வாங்கி, தழுதழுத்த குரலில், “பாருங்க. ஐயாவுக்கு ஆந்தையே வந்து அஞ்சலி செலுத்துது” என்றார்.

கை தட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினார்கள். சிலர் கும்பிட்டார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்காவது அது என்ன என்று தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். கூட்டங்களில் நாங்களே படம் போட்டு விளக்கியிருக்கிறோம். தெரிந்தவர்கள் பேசாமல் நின்றார்கள், இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள். இத்தனை வருடம் நான் கையாண்ட எந்த டப்பாவிலும் இவ்வளவு அழுக்கு இருந்ததில்லை.

“ஏன் தென்றல் அது அப்படி இழுத்துக்குது? அடிபட்டுடுச்சா?” என்றார் அண்ணி.

“அடிபடல அண்ணி. அடிபட்ட மாதிரி நடிக்குது. என்னைப் பிடிச்சிக்கோங்க, என் குஞ்சுகிட்ட போகாதீங்கன்னு சொல்லுது.”

அண்ணி மேலே பார்த்தார். திட்டில் மறைப்பு இல்லாமல், வெயிலில் பஞ்சு உருண்டைகள் இரண்டும் நின்றுகொண்டிருந்தன. காகங்கள் முதலில் வந்தன. தரையில் கிடந்த தாயைக் கொத்தத் துரத்தின. அது நடிப்பை விட்டுவிட்டு எழும்பிப் பறந்தது, காகக் கூட்டம் அதைக் குவாரிக்கு வெளியே விரட்டிக்கொண்டே போயிற்று. பிரமுகர் முடித்ததும் புகழேந்தி மறுபடி மைக்கில் பிடித்த ஆந்தைக் குரல் ஸ்பீக்கரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பருந்து வந்தது. அவசரமே படாமல், திட்டுக்கு மேலே ஒரு வளையம் சுற்றி, இறங்கி, ஒரு உருண்டையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மற்றொன்று பின்வாங்கிப் பின்வாங்கி விளிம்பில் கால் தவறி, கல் குவியலில் வந்து விழுந்தது.

அண்ணி எழுந்து நேராக ஆம்ப்ளிஃபையரிடம் போனார். அந்தப் பெட்டியை அவருக்குத் தெரியாதா. எந்தக் கம்பி எது என்று ஒரு கணம்கூடத் தேடவில்லை, பிடுங்கி எறிந்தார். குவாரி சட்டென்று அடங்கியது. “அக்கா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, தண்ணி குடுங்க” என்று யாரோ சொன்னார்கள். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. கல் குவியலில் ஏறி, விழுந்து கிடந்ததைக் கையில் எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அது செத்திருந்தது. ஆந்தை என்ற சொல்லைக் கேட்டாலே விளக்குமாற்றைத் தூக்குகிறவர், அதன் மூக்கில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார்.

“இத்துனூண்டுதானா?” என்றார்.

அங்கேயே ஓரமாகக் குழி பறித்து இரண்டு பேரும் புதைத்தோம். மற்றவர்கள் அதற்குள் டிபன் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். பொங்கல், வடை. சட்னி போதவில்லை என்று ஒரு சண்டை வேறு.

அன்று சாயங்காலம் குழுவின் வாட்ஸப்பில் புகழேந்தி படங்களைப் போடத் தொடங்கினார். தரையில் சிறகைத் தொங்கவிட்ட ஆந்தை, பல கோணங்களில். ‘சக்கரபாணி அண்ணனுக்கு இயற்கையின் அஞ்சலி. விழா மாபெரும் வெற்றி’ என்று எழுதியிருந்தார். கீழே கை தட்டும் பொம்மைகளும் கும்பிடும் பொம்மைகளும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. இளஞ்செழியன் இதை வருடா வருடம் நடத்தவேண்டும் என்றார். குஞ்சுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிரசாத் மட்டும் எதுவும் போடவில்லை. நான் என்ன எழுதலாம் என்று திட்டித் திட்டி அடித்து, அழித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனின் கைப்பேசி அண்ணியிடம்தான் இருந்தது. அவர் போனபிறகும் அந்த எண்ணை யாரும் குழுவிலிருந்து எடுக்கவில்லை. என் கைப்பேசியில் அது ‘சாமியானா அண்ணன்’ என்றுதான் பதிந்திருக்கிறது. கைதட்டல்களுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில், ஒரு சின்ன வரி வந்தது.

‘சாமியானா அண்ணன் வெளியேறினார்.’

 கொஞ்ச நேரம் கழித்துப் புகழேந்தி எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். ‘அண்ணி தெரியாம அமுக்கிட்டாங்க போல மேடம். திரும்ப சேர்த்துடட்டுமா?’

‘தெரிஞ்சுதான் போனாரு, விடுங்க’ என்று எழுதி அனுப்பினேன்.